கோல்கீப்பர் சென்றாயன் மேல் விழுந்த பழி

என் அப்பாவின் சாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஹால்மோஷைப் பார்க்க வந்தவர்கள். கோபத்தில் எழுதவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். ஊர் தொரை என்று கூப்பிடும் ஹால்மோஷ் கைத்தடியோடு ஜீப்பிலிருந்து இறங்கியதும், அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டார். ஹால்மோஷ் பெஞ்சைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே வந்து, மண் தரையில் சிரமப்பட்டு முழங்காலை மடக்கி, அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். தூக்கும் நேரம் வரை விடவில்லை.

வெளியே மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்கும் அளவுக்கு மெதுவாக.

"என்னா மனசு பாத்தியா. திருடுன கையப் புடிச்சிக்கிட்டு அழுவறாரு."

"தொரைன்னா தொரைதான்."

அது 1995 பிப்ரவரி. அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பெயர் சென்றாயன். செம்மநத்தத்தில் பிறந்தவர். காபி எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். ஏற்காடு மலையின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் இதற்கு மேல் ஒன்று சேர்த்துச் சொல்வார்கள்: தொரையின் ஒலிம்பிக் தங்க மெடலைத் திருடியவர்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது ஒன்று முடிவு செய்தேன். அவர் திருடினாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லை என்றால் ஊருக்கும் தெரிந்தாக வேண்டும். நான் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு துண்டு உலோகம் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். மனிதர்களுக்கு அப்படி ஒரு கருவி இல்லை. பெற்ற அப்பாவுக்கும் இல்லை.

ஹால்மோஷ் எங்கள் மலைக்கு வந்தது 1972இல். ஹங்கேரிக்காரர். 1956 கலவரத்தின்போது எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போனவர். அங்கே காபி உலர்த்தும் இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. ஓர் எஸ்டேட்டில் இயந்திரம் பொருத்த அவரை அனுப்பினார்கள். பொருத்தி முடித்தார். திரும்பிப் போகவில்லை. எஸ்டேட் முதலாளி தன் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அவரை வைத்துக்கொண்டார்.

ஏன் போகவில்லை என்பதற்கு ஊரில் பல காரணங்கள் சொன்னார்கள். அங்கே யாரையோ கொன்றுவிட்டு வந்தவர். உளவாளி. மலையில் பாக்சைட் தாது இருக்கிற இடமெல்லாம் குறித்துக்கொண்டு போக வந்தவர். அப்பா இந்த மூன்றையும் நம்பினார்.

அப்பா சுபாவமே அதுதான். கடையில் நிறுத்து வாங்கிய அரிசியை வீட்டில் படியால் அளப்பார். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் துணி துவைத்துக் காயப்போடுவார். ஜீப்பை மெக்கானிக் பார்த்துக் கொடுத்தால், அடியில் படுத்து ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துத் திருகிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவார். கோல்கீப்பராக இருந்ததும் இதனால்தான். எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் பார்க்கிறானோ, அந்தப் பக்கம் அடிக்க மாட்டான் என்று அவர் நம்பினார். பெரும்பாலும் அது சரியாக இருந்தது.

1973இல் ஒருநாள் ஹால்மோஷ் ஜீப்பில் போகும்போது தான் கால்பந்து வீரன் என்று சைகையில் சொல்லியிருக்கிறார். அப்பா நம்பவில்லை. எஸ்டேட் களத்துக்குக் கூட்டிப்போனார். களம் என்பது காபிக்கொட்டை காயவைக்கும் சிமெண்ட் தளம். அறுவடை இல்லாத மாதங்களில் பையன்கள் அங்கேதான் பந்தாடுவார்கள். எஸ்டேட்டில் வேறு சமமான இடம் எது? அப்பா இரண்டு கூடைகளைக் கவிழ்த்துக் கோல் ஆக்கி நடுவில் நின்றார்.

ஹால்மோஷ் இடது பக்கம் பார்த்தார். அப்பா வலது பக்கம் பாய்ந்தார். பந்து இடது பக்கம் போனது. மறுபடி இடது பக்கம் பார்த்தார். அப்பா மறுபடி வலது பக்கம் பாய்ந்தார். பந்து மறுபடி இடது பக்கம். கடைசியில் ஹால்மோஷ் கையை நீட்டி, இங்கேதான் அடிக்கப் போகிறேன் என்று கூடையைக் காட்டினார். அப்பா அதையும் நம்பவில்லை. பையன்கள் உருண்டு சிரித்தார்கள்.

"பாக்கற எடத்துக்கே அடிக்கறான். அப்படி ஏமாத்தறவன நான் பாத்ததே இல்லை" என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார். முழங்கை இரண்டிலும் தோல் போயிருந்தது. அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள்.

அந்தக் களத்தில்தான் மலை அணி உருவானது. களத்தின் மூன்று பக்கமும் சரிவு. பந்து வெளியே போனால் காபிச் செடிகளுக்குள் உருண்டு ஓடைவரை போகும். யார் காலிலிருந்து போனதோ அவனே இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது ஹால்மோஷ் வைத்த சட்டம். அட்டைக்கடி வாங்கிய பையன்கள் பந்தைக் காலோடு வைத்துக்கொள்ளக் கற்றார்கள். 1976இல் சேலத்தில் நடந்த போட்டியில் எங்கள் பையன்களிடமிருந்து பந்தைப் பிடுங்க முடியாமல் கீழ்நாட்டு அணிகள் திணறின. கோப்பையோடு பஸ் மேலே வந்தபோது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆட்கள் நின்றார்கள்.

அதன் பிறகு ஹால்மோஷ் மலையின் சொத்து. முடிவெட்டும் கடை, பேக்கரி, பஸ்ஸின் டிரைவர் தலைக்கு மேல் என்று அவர் படம் தொங்கியது. செம்மநத்தத்தில் ஒரு காளைக்கு அவர் பெயர் வைத்தார்கள். பையன்களிடமிருந்து தமிழ் கற்றதால் அவருக்கு முதலில் தெரிந்தது வசவு மட்டும். மரியாதையையும் அவர்களே கற்றுக்கொடுத்திருந்தார்கள். "மடையனுங்க நீங்க! பந்தப் பாருங்க!" என்று அவர் கத்துவதைக் கேட்கவே கூட்டம் வரும்.

கோப்பைப் போட்டியை ஏற்காட்டிலேயே நடத்தலாம் என்று தொடங்கியவர் ராஜேந்திரன். ஒண்டிக்கடை சந்திப்பில் ஓட்டல் வைத்திருப்பவர். சேலத்திலிருந்து வந்து குடியேறியவர். போட்டிக் கமிட்டிச் செயலாளர். ஆண்டுதோறும் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவை ஒட்டிப் போட்டி. நோட்டீஸ் அடிப்பது, மைக்கில் பேசுவது இரண்டும் அவர்.

நம் ஊர் நோட்டீஸ் எப்படி என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வார்டு மெம்பர் 'மக்கள் தலைவர்' ஆவார். மளிகைக்கடைக்காரர் 'கொடை வள்ளல்' ஆவார். முதல் வருட நோட்டீசில் ஹால்மோஷ் 'ஹங்கேரி நாட்டு முன்னாள் வீரர்'. அது உண்மை. அடுத்த வருடம் 'ஹங்கேரி அணியின் முன்னாள் கேப்டன்'. 1980இல் 'ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்ற உலகப் புகழ் வீரர்'. ஹால்மோஷுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நோட்டீசில் தன் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த வருடம் எதிரணியான மாரமங்கலத்து ஆட்கள் ஒரு லாரி நிறைய வந்தார்கள். தங்க மெடலைக் காட்டச் சொன்னார்கள். பேங்க் லாக்கரில் இருக்கிறது, அடுத்த வருடம் காட்டுவோம் என்று ராஜேந்திரன் மைக்கில் சொல்லிச் சமாளித்தார். 1982இல் மெடல் வந்தது. சிவப்பு வெல்வெட் மேல், கண்ணாடிப் பெட்டியில். வரிசையில் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

1984இல் இறுதி ஆட்டத்தன்று காலை பெட்டி காலியாக இருந்தது.

பெட்டி ஹால்மோஷ் வீட்டில் இருந்தது. பூட்டு உடையவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அப்பா. இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது. ராஜேந்திரன் போலீசைக் கூப்பிட வேண்டும் என்றார். ஹால்மோஷ் வேண்டாம் என்றார். "போனது போகட்டுமுங்க." இதைத்தான் ஊர் இன்றுவரை சொல்கிறது. திருடியவனைத் தெரிந்தும் மன்னித்தார். அந்த வருடத்திலிருந்து அவருக்குக் கூட்டம் இன்னும் கூடியது.

அப்பா எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கமிட்டி அவரை அணியிலிருந்து நீக்கியது. எஸ்டேட்டில் ஜீப்பை விட்டுவிட்டுக் கொட்டை கழுவும் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். டீக்கடையில் அவர் நுழைந்தால், பெஞ்சில் கிடக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். நான் சேலத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பஸ்ஸில் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தால் பின் சீட்டிலிருந்து குரல் வரும்.

"ஏம்புள்ள, காலேஜ் பீசுக்கு மெடல உருக்கியாச்சா, இன்னும் பாக்கி இருக்குதா?"

அம்மா காளியாயி மைதானம் பக்கம் போவதை நிறுத்தினார். ஹால்மோஷ் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. மாதத்தில் ஒருநாள் வருவார். அப்பாவும் அவரும் பின்பக்கம் கல்லில் உட்கார்ந்து, அதிகம் பேசாமல், பலாப்பழம் தின்பார்கள். தன்னிடம் திருடியவனின் வீட்டுக்கு ஒருவர் ஏன் வர வேண்டும்? ஊருக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை.

அப்பா இறந்து ஒரு மாதம் கழித்து, அவருடைய கருவிப் பெட்டியைக் கழுவ எடுத்தேன். அடியில் ஒரு கிரீஸ் டப்பா. இறுகிப்போன பழைய கிரீஸ். வீசப் போனேன். கனம் ஒத்துவரவில்லை. கிரீசுக்கு அவ்வளவு கனம் கிடையாது. திருப்புளியால் குத்தினேன். உலோகத்தில் இடித்தது.

மெடல்.

நான் அதைத் துடைக்கவில்லை. வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். அப்படியானால் ஊர் சொன்னது சரி. என் அப்பா திருடன். அம்மா கொல்லைப்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. கிரீசோடு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போனேன்.

மண்ணெண்ணெயில் கழுவி விளிம்பில் சுரண்டிப் பார்த்தேன். மேலே தங்க முலாம், உள்ளே வெள்ளி. இதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. ஒலிம்பிக் தங்கப் பதக்கமே முழுத் தங்கம் இல்லை, வெள்ளி மேல் முலாம்தான் என்று படித்திருக்கிறேன். ஆனால் வெள்ளி தரம் குறைந்தது. செம்பு அதிகம். சேலத்தில் கொலுசுக்குப் போடும் கலப்பு. வளையத்தைப் பற்றவைத்த இடத்தில் கை அரத்தின் கீறல்கள். லென்ஸ் வைத்து முகப்பைப் பார்த்தேன். வீரனைச் சுற்றி இலை மாலை. ஐரோப்பியப் பதக்கங்களில் வருகிற வழவழப்பான இலை இல்லை. விளிம்பெல்லாம் பல் பல்லாக இருந்தது. வேப்பிலை. சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தட்டான் எவரோ, அம்மன் தகட்டுக்கு வெட்டிப் பழகிய கையால், தெரிந்த இலையை வெட்டியிருக்கிறார்.

அப்பா திருடியது போலி. இப்போது சந்தேகம் இடம் மாறியது. போலியைக் காட்டி ஊரை ஏமாற்றிய ஹால்மோஷ், பழியை ஏன் என் அப்பா மேல் விட்டார்?

ஏப்ரலில் அவர் வீட்டுக்குப் போனேன். உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை. மெடலை மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"எங்கீங்க இருந்துச்சு?"

"கிரீஸ் டப்பாவுல."

"நான் ஏரியில போட்டிருப்பாருன்னு நெனச்சனுங்க."

"ஒலிம்பிக் மெடல் எங்கீங்க?"

"கிடையாதுங்க. எப்பவும் கிடையாது." அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். ஒரு ரயில் பட்டறை ஊரின் அணியில் ஏழு வருடம் இடதுபக்கம் ஆடியிருக்கிறார். நாட்டு அணியின் சட்டையைச் சில ஆட்டங்களில் போட்டிருக்கிறார். ஒலிம்பிக்குக்கு அவரைக் கூட்டிப்போகவில்லை. பிறகு முழங்கால் போனது. "நல்ல பிளேயர்தானுங்க நான். அவ்ளோ நல்ல பிளேயர் இல்லீங்க."

நோட்டீசில் என்ன போட்டிருந்தது என்று மாரமங்கலத்து ஆட்கள் வந்து கேட்ட அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மைக்கில் உண்மையைச் சொல்லப் போயிருக்கிறார். அப்பா தடுத்திருக்கிறார். இந்த நாட்டில் தங்குவதற்கு ஹால்மோஷ் வருடத்துக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். எஸ்டேட்டும் கமிட்டியும் நற்சான்று கொடுப்பார்கள். மோசடிக்காரர் என்று யாராவது ஒரு மனு எழுதினால் போதும், அனுப்பிவிடுவார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா சொன்னாராம். அடுத்த வருடம் மெடலோடு வந்தாராம்.

"சரிங்க. அப்புறம் எதுக்கு எடுத்தாரு?"

"அந்த வருசம் மெட்ராசுக்கு எங்க நாட்டு மிசின் கம்பெனி ஆளுங்க வந்திருந்தாங்க. ராஜேந்திரன் பரிசு குடுக்கக் கூப்புட்டுட்டாரு. ஒருத்தர் பழைய ஓட்டக்காரரு. நெசமான மெடல் பாத்தவரு. பாத்தா ஒரே நிமிசமுங்க."

"யாரு யோசனை இதெல்லாம்?"

"உங்கப்பாரு."

"செத்தவங்க மேல போடறது சுலபமுங்க."

அவர் மெடலைக் கவிழ்த்து வைத்தார். "ஆமாங்க. சுலபம். பதினோரு வருசமா அதத்தான பண்ணிட்டிருக்கேன். பயமுங்க எனக்கு. இங்கிருந்து அனுப்பிச்சுட்டா போறதுக்கு எடமில்ல. நான் சொல்லிடறன்னு உங்கப்பார்கிட்ட ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவேன். அவரு பலாச்சுளைய எடுத்துக் கையில குடுப்பாரு."

"இப்ப?"

"இப்ப எழுவது ஆச்சு. அனுப்பிச்சா அனுப்பட்டும். கோப்பையன்னிக்கு மைக்குல சொல்லிடறனுங்க."

"சொல்லிப் பாருங்க" என்றேன். நான் நம்பவில்லை.

மே மாதம். இறுதி ஆட்டம் முடிந்தது. வெயில் இறங்கியிருந்தது. ஹால்மோஷ் ஜீப் அனுப்பி அம்மாவையும் வரவழைத்திருந்தார். அம்மா மைதான ஓரம் சில்வர் ஓக் மரத்தடியில், செம்மநத்தத்துப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். ராஜேந்திரன் மைக்கில் பட்டங்களை வாசித்து முடித்து மைக்கை ஹால்மோஷ் கையில் கொடுத்தார்.

ஹால்மோஷ் சொன்னார். எதையும் விடவில்லை. நான் ஒலிம்பிக் போகவில்லை. எனக்கு மெடல் கிடையாது. நீங்கள் பார்த்தது சேலத்தில் செய்தது. சென்றாயன் என்னைக் காப்பாற்ற அதை எடுத்து மறைத்தார். அவர் திருடன் இல்லை. திருட்டுப் பட்டம் அவருக்கு வாங்கிக்கொடுத்தது நான்.

நான் மரத்தடியில் அம்மாவைத் தேடினேன்.

பிறகு யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் பரவியது. ராஜேந்திரன் மைக்கை வாங்கிக்கொண்டார். குரல் தழுதழுத்தது.

"செத்துப்போன ஒரு மனுசனோட மானத்தக் காப்பாத்த, தான் வாங்குன தங்கத்தையே இல்லைன்னு சொல்றாரே! இந்த மனசு யாருக்குங்க வரும்?"

விசில் பறந்தது. மாலையோடு இளைஞர்கள் ஓடிவந்தார்கள். ஹால்மோஷ் மாலையைத் தட்டிவிட்டார். "மடையனுங்க நீங்க! சொல்றதக் கேளுங்க! நெசமுங்க!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கத்தினால் சிரித்துப் பழகியவர்கள்.

நான் ராஜேந்திரனிடம் போனேன். மெடலை நீட்டினேன். அரத்தின் கீறலைக் காட்டினேன். வேப்பிலையைக் காட்டினேன். கலப்பு விகிதம் சொன்னேன். சுற்றிக் கூட்டம் கூடியது.

"ஏங்கண்ணு, இது இத்தன வருசம் எங்க இருந்துச்சு?" என்றார் அவர்.

"எங்க வீட்ல. அப்பாவோட பெட்டியில."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப ஒங்க ஊட்லதான் இருந்திருக்கு."

பின்னாலிருந்து இன்னொரு குரல். "ஒரிஜினல வித்துட்டு டூப்ளிகேட் கொண்டாந்திருக்குது. படிச்ச புள்ளையில்ல!"

எனக்குத் தெரிந்த எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது. இனி எதைக் காட்டினாலும் அது அவர்கள் பக்கம்தான் போகும். மெடலைப் பிடித்திருந்த கையை இறக்கினேன். அந்தக் கையை யாரோ பிடித்தார்கள். அம்மா.

மெடலை வாங்கி விரலால் தடவினார். அது டப்பாவில் இருந்தது அவருக்குத் தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அவர் ராஜேந்திரனைப் பார்க்கவில்லை. தன்னோடு எழுந்து வந்திருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

"இது என்னோட கொலுசு."

முத்தாயி முன்னால் வந்தார். அம்மாவின் சிறுவயதுத் தோழி. பல வருடங்களாக அம்மாவோடு அவ்வளவாகப் பேச்சில்லை. "எந்தக் கொலுசு?"

"எங்கப்பன் கல்யாணத்துக்குப் போட்டது. மாங்கா வச்சது."

"அது அடகுல முழுகிப்போச்சுன்னியே?"

"பொய் சொன்னேன். இவங்கப்பாரு கேட்டாரு, குடுத்துட்டேன். அத உருக்கித்தான் இதச் செஞ்சாங்க."

"எம்புள்ள கல்யாணத்துக்கு ஒருநாள் இரவலு கேட்டேன். வாசல்ல நிக்க வச்சு இல்லைன்னு அனுப்புன. நான் எத்தன நாள் வயிறெரிஞ்சேன் தெரியுமா?"

"தெரியும்."

"எம்புள்ள கல்யாணம் எந்த வருசம்?" முத்தாயி மற்ற பெண்களைக் கேட்டார். அவர்கள் கணக்குப் போட்டார்கள். இன்னாரின் மூத்தவன் பிறப்பதற்கு முன்னாலா, பின்னாலா. கல் விழுந்து பெரிய மழை பெய்த வருடம். ஒருத்தி சொன்னாள், அந்தத் தை மாதம் காளியாயி கொலுசில்லாத வெறுங்காலோடுதான் பொங்கல் வைத்தாள், நான் கேட்டேன். இன்னொருத்தி சொன்னாள், மாங்காய்க் கொலுசு ஒரு மாங்காய் நசுங்கியிருக்கும், இடது காலில். அம்மா ஆமாம் என்றார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எழுதி வைக்கிற பழக்கம் இல்லை. யார் காலில், யார் காதில், எந்த வருடம், என்ன நகை, எப்போது காணாமல் போனது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாணம் 1981 ஆவணி. கொலுசு போனது அதற்கு முந்தைய மாதம். மெடல் வந்தது அடுத்த மே.

முத்தாயி திரும்பினார்.

"ஏனுங்க ராஜேந்திரன், ஒரு பொம்பளயோட கொலுச உருக்கிச் செஞ்ச மெடல, அவ புருசன் திருடிட்டான்னா சொன்னீங்க?"

"அது வந்துங்க... ஊரே..."

"ஊர உடுங்க. தங்க மெடலுன்னு மொதமொதல்ல சொன்னது யாருங்க? தொரை சொன்னாரா?"

ராஜேந்திரன் சுற்றிலும் பார்த்தார். "நோட்டீசுல... பிரஸ்காரன்..."

"பிரஸ்காரனா எழுதிக் குடுத்தான்?" கேட்டது ஏசுராஜ். அணியின் இப்போதைய கேப்டன்.

"ஏப்பா, நோட்டீசுன்னா ரெண்டு வார்த்த சேத்துதான் போடுவாங்க! ஒன்ன கூடத்தான் 'ஆசியப் புயல்'னு போட்டேன். நீ சேலத்தத் தாண்டியிருக்கியா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். அந்தச் சிரிப்பில்தான் அவர்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். ஹால்மோஷ் பொய் சொல்வார் என்பதை அவர்களால் நம்ப முடியாது. ராஜேந்திரன் சேர்த்துப் போடுவார் என்பதை நம்பக் கஷ்டமே இல்லை. சிரித்து முடித்ததும் ஒருவரும் அம்மாவைப் பார்க்கவில்லை. ஆண்கள் கீழே பார்த்துக்கொண்டு கலைந்தார்கள்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் முழுவதும் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஏதாவது இருந்தது. ஒருநாள் ஒரு சாக்கு கேழ்வரகு. ஒருநாள் கமலா ஆரஞ்சு. பெண்கள் நேராகவே வந்தார்கள். மெடலைக் கையில் வாங்கி, எது இடது கால், எது வலது கால் என்று தகராறு செய்தார்கள். உருக்கினால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று சொன்னேன். முத்தாயி என்னைப் பார்த்த பார்வையில் நான் படித்ததெல்லாம் வீண் என்று இருந்தது.

ஹால்மோஷை யாரும் எங்கும் அனுப்பவில்லை. யாரும் மனு எழுதவில்லை. முடிவெட்டும் கடையில் அவர் படம் அப்படியே இருக்கிறது. டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்: ஒலிம்பிக்குக்குக் கூட்டிப்போகாத அந்த நாட்டுக்காரன்தான் முட்டாள். அடுத்த மே மாதம் முன்னைவிடக் கூட்டம். மெடல் இல்லாத ஹால்மோஷை அவர்களுக்கு இன்னும் பிடித்திருந்தது. எனக்கு இது இன்னும் முழுதாகப் புரியவில்லை. போலி யாருடைய யோசனை என்பதும் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். "உங்கப்பாரு கேட்டாரு, குடுத்தேன். யாரு யாரக் கேட்டாங்கன்னு நான் கேக்கல" என்றார். நான் ஹால்மோஷை முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால், அப்பாவின் மகள் நான். ஆனால் அவர் வந்தால் எழுந்து நிற்கிறேன்.

அப்பா இறந்த பிறகு வராமலிருந்த ஹால்மோஷ் திரும்பவும் வரத் தொடங்கிவிட்டார். அப்பா உட்கார்ந்த கல்லில் உட்காருவதில்லை, பக்கத்துக் கல்லில்தான். ஒருநாள் அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"காளியாயிங்க, அந்த மெடல எனக்குக் குடுப்பீங்களா?"

"எதுக்கு?"

"எனக்குன்னு செஞ்ச ஒரே மெடலுங்க."

அம்மா யோசிக்கவே இல்லை.

"ஆமா, குடுக்கறேன். நீங்க வாங்கி வச்சுக்குவீங்க. நாளைக்கு ராஜேந்திரன் வந்து வெல்வெட்டுல வச்சு உலகக் கோப்பைம்பாரு. வேண்டாமுங்க. ஊட்ல இருக்கட்டும்."

ஹால்மோஷ் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பலாப்பழத்தைப் பிளக்க உள்ளே அரிவாள் எடுக்கப் போனவர், மெடலை முந்தானையில் முடிந்துகொண்டுதான் போனார்.